மூடிய உறை
அத்தியாயம் 9: வீடா, சானடோரியமா?

சென்ற வாரம் 1948 அக்டோபர் 30-ம் தேதியிட்ட 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழோடு நிறுத்தியிருந்தோம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடப்பட்ட 55 காசநோயாளிகளில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். எலும்புருக்கி நோய் என்ற பெயரைக் கேட்டாலே கைவிரித்த மருத்துவ உலகம், அந்த இரண்டு எண்களைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஐந்து ஆண்டுகள் ஓடின. அந்த 107 பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிக் கணக்கெடுத்த குழுவில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கணக்கு இது: ஊசி போட்டுக்கொண்ட 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். போடாத 52 பேரில் 35 பேர்.

நான்குக்குப் பதினான்கு என்று இருந்த தூரம், முப்பத்திரண்டுக்கு முப்பத்தைந்து என்று சுருங்கிவிட்டது. மருந்து எங்கே போனது?

மருந்து எங்கும் போகவில்லை. கிருமி மாறிவிட்டது. ஒரே மருந்தை மாதக்கணக்கில் எதிர்கொண்ட காசநோய்க் கிருமிகளில், அந்த மருந்துக்கு அசையாதவை மட்டும் தப்பிப் பிழைத்துப் பெருகின. 1948 அறிக்கையே இதைக் கண்டு எச்சரித்திருந்தது. ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது என்பதை அடுத்த ஆய்வு காட்டியது. 1952-ல் ஐசோநயசிட் வந்தது. மாத்திரையாக விழுங்கலாம், விலையும் குறைவு.

ஆய்வு முறை பற்றிப் படிக்கிற மாணவர்களுக்கு நான் எப்போதும் இந்த இரண்டு ஜோடி எண்களைத்தான் முதலில் காட்டுவேன். எதை எண்ணுகிறோம் என்பதைப்போலவே எப்போது எண்ணுகிறோம் என்பதும் முக்கியம். ஆறாவது மாதத்திலேயே கணக்கை மூடியிருந்தால் அந்த அறிக்கையில் ஒரு பொய்யும் இருந்திருக்காது. ஆனாலும் பாதி உண்மையைத்தான் நம் கையில் கொடுத்திருக்கும். ஃபாக்ஸ் இதை மறக்கவே இல்லை. இரண்டே ஆண்டுகளில் அவர் சென்னையில் வந்து இறங்கினார்.

அதற்கு முன் அந்த உறையைப் பார்த்துவிடுவோம். இந்தத் தொடரின் பெயரே அதுதான். இந்த வாரம் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

*

அந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை வடிவமைத்த புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில், டாக்டராக விரும்பியவர். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தபோது காசநோய் வந்து படுக்கையில் விழுந்தார். பிழைப்பது கடினம் என்ற நிலையிலிருந்து மீண்டவர், படுத்தபடியே அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். மருத்துவம் கைகூடவில்லை. டாக்டர்களின் கணக்கைச் சரிபார்க்கிறவராக ஆனார்.

அவருக்கு டாக்டர்களின் கை மீது நம்பிக்கை குறைவு. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, இரக்கம் உள்ளவர்கள் என்பதால். புது மருந்து யாருக்கு, பழைய சிகிச்சை யாருக்கு என்று டாக்டரே தீர்மானித்தால் என்ன ஆகும்? பிழைக்கும் தெம்புள்ள இளைஞனைப் பார்த்ததும் புது மருந்தின் பக்கம் கை தானாக நகரும். வேறொரு டாக்டருக்கு, மோசமாக இருப்பவர் மீது பரிதாபம் வந்து கை அந்தப் பக்கம் போகும். இரண்டில் எது நடந்தாலும், கடைசியில் நாம் ஒப்பிடுவது மருந்தையா, மருந்து வாங்கிய மனிதர்களின் உடல் வலுவையா என்பது தெரியாமல் போகும்.

ஒருவர் விட்டு ஒருவருக்குக் கொடுத்தால்? முன்பு அப்படித்தான் செய்தார்கள். அதிலும் ஓட்டை உண்டு. அடுத்து வருகிறவருக்கு எது என்று டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பிடித்த நோயாளியை "நாளை வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும்.

இதற்கு ஹில் கண்ட வழி: சீரற்ற எண்களின் அட்டவணையைக் கொண்டு முன்கூட்டியே வரிசை தயாராகும். ஒவ்வொரு சீட்டும் ஒட்டப்பட்ட உறைக்குள் போகும். உறைக்கு வெளியே மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும். இந்த நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவர் என்று குழு ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவருக்குரிய உறையைப் பிரிப்பார்கள். உள்ளே இருக்கும் அட்டை சொல்லும், எந்தச் சிகிச்சை என்று. அதுவரை எவருக்கும் தெரியாது, ஆய்வை நடத்துகிறவர்கள் உட்பட.

நமக்கு இது அந்நியமான யோசனை அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல்களை ஏன் விரிக்கச் சொன்னார்கள்? இடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா! குலுக்கினால் மட்டும் போதாது, குலுக்கியதில் யாரும் கை வைக்க முடியாதபடி காக்கவும் வேண்டும் என்பதை அந்த ஊர்ச்சபை அறிந்திருந்தது. ஹில்லின் ஒட்டிய உறை செய்ததும் அதே வேலைதான்.

1947-ல் நடந்த அந்த ஆய்வில் ஒரு நெருடல் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி கிடைக்காத 52 பேரிடம், நீங்கள் ஓர் ஆய்வின் ஒரு பக்கமாக இருக்கிறீர்கள் என்று சொல்லப்படவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. பிரிட்டன் கையில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசின் எல்லோருக்கும் போதாத அளவு என்பது மட்டும்தான் அவர்களுக்கு இருந்த நியாயம். இல்லாத ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டு தீர்மானித்தது.

இதே பற்றாக்குறைதான் உறையை நம் ஊருக்குக் கொண்டுவந்தது.

*

1946-ல் போர் (Bhore) குழு இந்தியாவின் சுகாதார நிலையைப் பற்றிப் பெரிய அறிக்கை கொடுத்தது. அதில் காசநோய்ப் பகுதியைப் படித்தால் வயிறு கலங்கும். நோயாளிகள் சுமார் 25 லட்சம். ஆண்டுக்குச் சாவு சுமார் 5 லட்சம். நாடு முழுவதும் இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 6,000.

கணக்குப் போட்டால் சுமார் 400 நோயாளிகளுக்கு ஒரு படுக்கை. அடுத்த பத்தாண்டில் படுக்கைகள் கூடத்தான் செய்தன. நோயின் அளவுக்கு முன்னால் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

படுக்கை எதற்கு? மருந்தை வீட்டில் விழுங்கக் கூடாதா? இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்வியை அன்று சத்தமாகக் கேட்கவே தயங்கினார்கள். காசநோய் என்றால் சானடோரியம். ஊருக்கு வெளியே, நல்ல காற்றில், மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய டாக்டர் ஹெர்மன் பிரேமர் தொடங்கிவைத்த முறை அது. நூறு வருடமாக உலகமே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவர்கள் தினமும் கடக்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையப் பெயரில் அந்த நம்பிக்கை இன்னும் இருக்கிறது.

அந்தத் தாம்பரம் சானடோரியத்தை 1928-ல் நிறுவியவர் டாக்டர் சௌரிமுத்து. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-ல் அங்கே அனுமதிக்கப்பட்ட நோயாளிகளில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்த ராமானுஜன், ஊர் திரும்பி 1920 ஏப்ரல் 26-ம் தேதி 32 வயதில் இறந்தார். அவருக்கு வந்தது காசநோய்தானா என்று பின்னாளில் டாக்டர்களே சந்தேகம் எழுப்பினார்கள். அவர் உயிர் பிரிந்தது சென்னை சேத்துப்பட்டில். நம் கதையும் இனி அதே சேத்துப்பட்டில்தான் நடக்கப்போகிறது.

சானடோரியம் நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்கு ஆதாரம் என்ன? அங்கே போனவர்களில் பலர் தேறித் திரும்பினார்கள். சரி. அங்கே போனவர்கள் யார்? செலவுக்கு வழியுள்ளவர்கள், பயணம் செய்யத் தெம்புள்ளவர்கள், இடம் காலியாகும் வரை உயிரோடு காத்திருந்தவர்கள். அவர்கள் வீட்டில் இருந்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று நூறு வருடத்தில் யாரும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அத்தனை பேரின் அனுபவமும் சேர்ந்தாலும், ஒப்பீடு இல்லாத அனுபவம் ஒற்றைக்கால் ஏணிதான்.

*

1956-ல் சேத்துப்பட்டு ஸ்பர்டேங்க் சாலையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நான்கும் கைகோத்தன. ஐந்தாண்டுத் திட்டம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அதற்குப் பொறுப்பாக வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ்.

கேள்வி ஒற்றை வரியில் அடங்கும்: அதே மருந்தை, அதே ஓராண்டுக்கு, நெரிசலான வீட்டில் இருந்தபடி சாப்பிடுகிற ஏழைக்கும், சானடோரியத்தில் படுத்துச் சாப்பிடுகிறவருக்கும் குணத்தில் எவ்வளவு வித்தியாசம்?

கேள்வி எளிது. அதைக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். சளியில் கிருமியோடு இருமுகிற ஒரு தகப்பனை, ஆய்வின் பெயரால் பிள்ளைகள் படுத்துறங்கும் அதே அறைக்குத் திருப்பி அனுப்புவதா? இந்த ஆட்சேபத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்றைய டாக்டர் எவர் எழுப்பியிருந்தாலும் நான் அவர் பக்கம்தான் முதலில் நின்றிருப்பேன்.

ஆனால் ஆய்வு நடக்காவிட்டால் அந்தத் தகப்பன் எங்கே இருப்பார்? படுக்கைக்கு இவ்வளவு பற்றாக்குறை உள்ள நாட்டில் அவர் அதே அறையில்தான் இருப்பார், மருந்தில்லாமல். பிரிட்டனில் மருந்து போதவில்லை. சென்னையில் படுக்கை போதவில்லை. இரண்டு இடத்திலும், இல்லாததைப் பங்கிடச் சீட்டைவிட நேர்மையான கை கிடைக்கவில்லை.

சளியில் கிருமி உறுதியான, சென்னை நகரில் வசித்த 190-க்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள். ஒருவர் வீட்டுக்கா, சானடோரியத்துக்கா என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் சீரற்ற எண் வரிசையிடம் விட்டார்கள். இரு பக்கமும் மருந்து ஒன்றே: ஐசோநயசிட்டும் பாஸும், ஓராண்டு.

பாஸ் மருந்தைச் சாப்பிட்டவர்களைக் கேட்டால்தான் இந்த ஆய்வின் கஷ்டம் புரியும். ஒரு சிட்டிகை இரண்டு சிட்டிகை இல்லை, கிராம் கணக்கில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிராம். வாயில் வைத்தால் குமட்டும். வயிற்றைப் புரட்டும். அதனால் மெல்லிய மாவுத் தகட்டு உறைகளில் அடைத்துக் கொடுத்தார்கள். நனைத்து, வழுக்கிக்கொண்டு போகும்படி விழுங்க வேண்டும். அதுவும் இரண்டு வேளை, ஓராண்டு முழுக்க. இரண்டு மாதத்திலேயே இருமல் குறைந்து, காய்ச்சல் விட்டு, பசியும் எடுக்க ஆரம்பித்த ஒருவர், மீதிப் பத்து மாதமும் இதை விழுங்குவாரா?

சானடோரியத்தில் நர்ஸ் நின்று கொடுப்பார். வீட்டில் யார் பார்ப்பது?

*

இங்கேதான் இந்த ஆய்வு மற்ற ஆய்வுகளிலிருந்து விலகித் தனியாக நிற்கிறது. "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டு, "சாப்பிடுகிறேன் டாக்டர்" என்ற பதிலை எழுதிக்கொண்டு அவர்கள் ஓயவில்லை.

ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். கொடுத்த மருந்தில் எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணினார்கள். அங்கேயே சிறுநீர் வாங்கி வந்தார்கள். பாஸ் சாப்பிட்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலை விட்டால் நிறம் மாறும். சாப்பிடாதவரின் சிறுநீரில் அந்த மாற்றம் வராது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு கண்ணாடிக் குழாயும் சில சொட்டுகளும் போதும்.

இதை நோயாளிகளைப் பிடிக்க வைத்த பொறி என்று நினைத்துவிடாதீர்கள். ஆய்வில் ஒருவருக்குக் குணமாகவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: மருந்து வேலை செய்யவில்லை, அல்லது மருந்து வயிற்றுக்குள் போகவே இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆய்வு, குற்றத்தைத் தவறான ஆளின் தலையில் கட்டிவிடும். மருந்தைச் சாப்பிடாமல் விடுவது படிக்காத ஏழையின் குணம் என்று சொல்வதை ஃபாக்ஸ் ஏற்கவில்லை. எவராக இருந்தாலும் உடம்பு தேறியதும் மருந்தை மறப்பது மனித இயல்பு என்று கண்டு 1958-ல் அதைப் பற்றியே தனியாகக் கட்டுரை எழுதினார். இன்று நம் ஊர் சுகாதார நிலையத்தில் காசநோய் மாத்திரையை ஒருவர் பார்க்கும்படி விழுங்கச் சொல்கிறார்களே, அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

இரண்டு பிரிவினரின் எக்ஸ்ரே படங்களும் ஒன்றாகக் கலந்து போயின. அவற்றைப் படித்துச் சொன்னவருக்கு, எந்தப் படம் வீட்டுக்காரருடையது, எது சானடோரியத்துக்காரருடையது என்று தெரியாது. நுரையீரல் நிழல் கரைந்திருக்கிறதா என்று பார்ப்பது ஓரளவு கண்ணின் மனநிலையையும் பொறுத்தது. சானடோரியத்தின் மீது பக்தி உள்ள கண், சானடோரியப் படத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வெளிச்சம் பார்க்கும். அதனால் அந்தக் கண்ணுக்கும் ஓர் உறை மாட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டு முடிந்தது. தராசின் ஒரு தட்டில் ஓய்வு, காற்று, பால், முட்டை, நர்ஸ். எடையில் அது உடனே தெரிந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் வீட்டில் இருந்தவர்களைவிடக் கணிசமாக அதிகம் சதை போட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு அதே அரைவயிறு. ஓய்வும் அவர்களுக்குக் குறைவுதான். எடையை மட்டும் அளந்து ஆய்வை முடித்திருந்தால், சானடோரியம் வென்றது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

அவர்கள் எண்ணியது கிருமியை.

சளியில் கிருமி மறைந்து நோய் அடங்கியவர்கள், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர்.

இந்த ஆறை எப்படிப் பார்ப்பது? சமம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதை அந்தப் பழைய கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 400 பேருக்கு ஒரு படுக்கை. படுக்கை கிடைத்த ஒருவருக்கு நூற்றுக்கு ஆறு கூடுதல் வாய்ப்பு. வெளியே நிற்கும் 399 பேருக்கு, வீட்டிலேயே மருந்து கொடுத்தால், நூற்றுக்கு 86 என்ற வாய்ப்பு. நூறு வருட வேதவாக்கு, சேத்துப்பட்டில் ஒரே ஆண்டில் ஆட்டம் கண்டது. குணமாக்கியது மாத்திரை. காற்றும் முட்டையும் கூடவே நின்ற உறவினர்கள் மாதிரி. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காரியம் நிற்காது.

1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான அந்த அறிக்கை 94 பக்கம். ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் மையத்தின் பெயரைப் போட்டார்கள். தகுந்த ஏற்பாடு இருந்தால் பெரும்பாலான நோயாளிகளுக்கு வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்ற அதன் முடிவு, இந்தியாவின் காசநோய்த் திட்டத்துக்கு மட்டுமல்லாமல் உலகம் முழுவதற்கும் பாதையைத் திருப்பிவிட்டது.

*

ஆனால் நாம் ஒரு வீட்டைக் கடந்து வந்துவிட்டோம். அந்தத் தகப்பன் வீடு. அவர் பிழைத்தார், சரி. அவரோடு ஒரே அறையில் ஓராண்டு தூங்கிய பிள்ளைகள்?

நூற்றுக்கு 86 என்ற எண்ணில் அந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல, ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களும் அல்ல. வீட்டுச் சிகிச்சையை எதிர்த்தவர்கள் கையில் மிஞ்சியிருந்த கடைசி வாதம் அவர்கள்தான். அதை எண்களால் மறுக்காத வரை எந்த அரசும் சானடோரியத்தின் கதவைத் துணிந்து சாத்தாது.

பிரிட்டனில் ஆறு மாதக் கணக்கு ஐந்தாண்டுக் கணக்கில் கரைந்துபோனதைத் தன் கையால் எழுதியவர் ஃபாக்ஸ். இங்கே ஓராண்டோடு நிறுத்த அவர் தயாராக இல்லை. இரண்டு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும், கைக்குழந்தை முதல் கிழவி வரை, மையம் பட்டியலிட்டது. அவர்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்வது என்று முடிவாயிற்று.

முதல் சோதனை, நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கிய காலத்திலேயே நடந்தது. அந்த எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டிருக்க வேண்டும். சீட்டு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் சரி, முதல் மாத்திரை உள்ளே போகும் முன்பே, பல வீடுகளில் இரண்டாவது நோயாளி இருந்தார்.

(அடுத்த வாரம்: ஐந்தாண்டு கழித்துக் கதவைத் தட்டியவர்கள்)